நாலணா விளைச்சல்

நாலணா ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? இருபத்தைந்து காசு. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு ரிசர்வ் வங்கி அதற்கு முழுக்குப் போட்டுவிட்டது. அதற்கு வெகு காலம் முன்பே பஸ் கண்டக்டர்களும் பெட்டிக்கடை அண்ணாச்சிகளும் அதற்குக் கட்டாய ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த நாலணாவுக்கு ஒரு காலத்தில் பயங்கர மரியாதை. கடைவீதியில் அல்ல, வயல்காட்டில். ஒரு விவசாயி அந்த வருஷம் பிழைப்பானா, மாட்டை விற்பானா, ஊரைவிட்டே ஓடுவானா என்பதையெல்லாம் நாலணாதான் தீர்மானித்தது.

எப்படி என்கிறீர்களா? ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் பயிர் மேல் வைத்தார்கள் வெள்ளைக்கார வருவாய்த் துறையினர். முழு விளைச்சல் என்றால் பதினாறணா. பாதி விளைந்தால் எட்டணா. காலே கால் பங்குதான் தேறியது என்றால் நாலணா. பம்பாய் மாகாணத்தில் விதி இப்படி இருந்தது: விளைச்சல் நாலணாவுக்குக் கீழே போனால், அந்த வருஷ நிலவரி வசூலை முழுவதுமாக நிறுத்திவைக்கலாம். நாலணாவிலிருந்து ஆறணாவுக்குள் என்றால் பாதியை நிறுத்திவைக்கலாம். அதற்கு மேலே ஒரு அரையணா தாண்டினாலும்... எடு கிஸ்தியை!

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அது நாலணாவா ஆறணாவா என்று யார் சொல்வது? இந்த ஒரு கேள்விதான் இந்த வாரக் கதை. நூறு வருஷத்துக்கு மேலாகியும் பதில் முழுசாகக் கிடைக்காத கேள்வி.

இயற்கை கெடுத்தால் அரசாங்கம் கைகொடுக்க வேண்டும் என்பது புது யோசனை இல்லை. பஞ்சம் வந்தால் மன்னன் விதையும் தானியமும் கொடுத்து ஜனங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அர்த்தசாஸ்திரமே சொல்லிவிட்டது. முகலாயர் காலத்தில் 'தக்காவி' என்று ஒரு கடன் உண்டு. வார்த்தைக்கு அர்த்தம் 'பலப்படுத்துவது'. விதை வாங்க, மாடு வாங்க, கிணறு வெட்ட அரசாங்கமே முன்பணம் தரும். விளைந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். கருணை பாதி, கணக்கு பாதி. குடியானவன் அழிந்துபோனால் அடுத்த வருஷம் வரி யார் கட்டுவது?

வெள்ளைக்காரர்கள் இந்தத் தக்காவியையும் எடுத்துக்கொண்டார்கள். நம்ம ஊர்ப் பக்கம் இன்னொரு வார்த்தையும் புழங்கியது: 'வஜா'. வரியில் தள்ளுபடி. 'இந்த வருஷம் தீர்வை வஜா ஆகுமா சாமி?' என்று ஜமாபந்தியில் கைகட்டி நின்று கேட்பது குடியானவர்களின் வருடாந்திர வழக்கம். கவனித்தீர்களா, அந்தக் காலத்தில் நிவாரணம் என்றால் அரசாங்கம் பணம் கொடுப்பது என்று அர்த்தமில்லை. உங்களிடமிருந்து எடுப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது, அல்லது தள்ளிப்போடுவது. அவ்வளவுதான்!

அதையும் மனமுவந்து செய்தார்களா? 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். நிவாரணச் செலவைக் குறைப்பதற்காகக் கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்டார் சர் ரிச்சர்ட் டெம்பிள். நிவாரண வேலை செய்பவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் சில்லறை போதும் என்றார். அரைக் கிலோகூட இல்லை! மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு இது எந்த மூலைக்கு? சென்னை மாகாண சுகாதார கமிஷனர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்த பிறகு கொஞ்சம் ஏற்றினார்கள். இன்றைக்குச் சென்னையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாம் கடக்கிற பக்கிங்ஹாம் கால்வாயில், அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பகுதி இருக்கிறதே, அது அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது ஒரு விநாடி நினைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பேர் செத்த பிறகு ஒரு கமிஷன் போட்டார்கள். ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான அந்தப் பஞ்சக் கமிஷன் 1880-ல் அறிக்கை கொடுத்தது. அதை வைத்துப் பஞ்சக் காலச் சட்டத் தொகுப்புகள் தயாராயின. எப்போது பஞ்சம் என்று அறிவிப்பது, எப்போது வேலை கொடுப்பது, எப்போது வரியை நிறுத்துவது, எல்லாவற்றுக்கும் விதிமுறை வந்தது. 1883-ல் நில மேம்பாட்டுக் கடன் சட்டம், 1884-ல் விவசாயிகள் கடன் சட்டம். தக்காவி இப்போது சட்டப்படி கிடைக்கும்.

ஆக, கலெக்டரின் இரக்கம் போய் காகிதத்தில் விதி வந்துவிட்டது. நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். ஆனால் விதி வந்ததும் கூடவே ஒரு அளவுகோலும் வந்தது. அளவுகோல் வந்ததும் சண்டையும் வந்தது.

வாருங்கள், குஜராத்துக்குப் போகலாம். கேடா மாவட்டம், 1917.

அந்த வருஷம் கேடாவில் வறட்சி இல்லை, நேர்மாறு. கொட்டித் தீர்த்துவிட்டது மழை. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல், அறுவடைக் காலம்வரை பெய்து பயிரை அழுக வைத்துவிட்டது. போதாக்குறைக்கு பிளேக். முதல் உலகப் போர் புண்ணியத்தில் விலைவாசி வேறு விஷம்போல ஏறிக்கொண்டிருந்தது. 'விளைச்சல் நாலணாகூட இல்லை, விதிப்படி வரி வசூலை நிறுத்துங்கள்' என்று விவசாயிகள் மனுமேல் மனு போட்டார்கள்.

அரசாங்கம் கணக்குப் பார்த்தது. மாவட்டத்தில் சுமார் 600 கிராமங்கள். அதில் முழு நிறுத்திவைப்புக்குத் தகுதி என்று தேறியது எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. நூற்றுச் சொச்சம் கிராமங்களுக்குப் பாதி. மற்றவர்களெல்லாம் ஒழுங்கு மரியாதையாகக் கட்ட வேண்டியது.

எப்படி இப்படி ஒரு வித்தியாசம்? யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதான் சட்டென்று தோன்றும். விஷயம் அத்தனை சுலபமில்லை. நாலணா என்பது ஒரு பின்னம். மேலே இந்த வருஷ விளைச்சல், கீழே சாதாரண வருஷ விளைச்சல். மேலே உள்ளதைக் கணிப்பது யார்? கிராமத்துக் கணக்கர். நம்ம ஊரில் கர்ணம் மாதிரி. எப்படிக் கணிப்பார்? வரப்பில் நின்று கண்ணால் பார்த்து! கீழே உள்ள 'சாதாரண' விளைச்சல் எவ்வளவு? அதுவும் ஒரு குத்துமதிப்புதான். இரண்டு உத்தேசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வகுத்தால் வருகிற விடைக்குப் பெயர் 'அரசுப் புள்ளிவிவரம்'. வசூல் குறைந்தால் மேலிடத்தில் யார் திட்டு வாங்குவது என்று தெரிந்த ஒரு அதிகாரியின் கண், பயிரை எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கே தெரியும். கடன்காரன் கண்ணில் எதிராளி எப்போதும் பணக்காரன்தானே!

உள்ளூரில் மோகன்லால் பாண்டியாவும் சங்கர்லால் பாரிக்கும் பிரச்னையைக் கிளப்பினார்கள். விவகாரம் காந்தியிடம் போனது. சம்பாரணில் அவுரி விவசாயிகள் பிரச்னையை ஒரு கை பார்த்துவிட்டு வந்திருந்த நேரம். காந்தி எடுத்த எடுப்பில் மேடை ஏறவில்லை. தானும் தன் ஆட்களுமாகக் கிராமம் கிராமமாகப் போய் விளைச்சலை விசாரித்தார்கள். சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். வக்கீல் புத்தி! கணக்கு நாலணாவுக்குக் கீழேதான் நின்றது. 'உங்கள் கணக்கு தப்பு' என்று சொன்னதோடு நிற்காமல் அவர் கேட்டது ஒரு சின்ன விஷயம். இரண்டு தரப்புக் கணக்கும் ஒத்துப்போகவில்லை அல்லவா, நடுநிலையாக ஒரு விசாரணை வையுங்கள், அதில் குடியானவர்களின் பிரதிநிதிகளும் இருக்கட்டும்.

அரசாங்கத்துக்கு வந்ததே கோபம். வரி எவ்வளவு என்று குடியானவன் அதிகாரியோடு உட்கார்ந்து பேசுவதா? நாலணாவைவிட இதுதான் அவர்களை உறுத்தியது. கணக்கில் ஒரு தவறு என்றால் திருத்திக்கொள்ளலாம். கணக்குப் போடுகிற அதிகாரத்திலேயே பங்கு கேட்டால்?

1918 மார்ச் 22. நடியாத் நகரத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. வரி கட்ட மாட்டோம் என்று விவசாயிகள் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள். வசதி உள்ளவர்களும் சேர்ந்தார்கள். 'நாம் கட்டிவிட்டால் ஏழை பயந்துபோய் மாட்டை விற்றுக் கட்டிவிடுவான்' என்பது காரணம். ஆமதாபாத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வக்கீல் தொழிலை ஓரங்கட்டிவிட்டு ஒருவர் வந்து காந்தியோடு கிராமங்களைச் சுற்றினார். வல்லபாய் படேல். பிற்காலத்தில் சர்தார் ஆனவரின் பொதுவாழ்க்கை சூடு பிடித்தது இந்த நாலணா தகராறில்தான்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். வீட்டுச் சாமான்களைத் தூக்கினார்கள். வயலில் நின்ற பயிரையும் ஜப்தி செய்தார்கள். அப்படி ஒரு வயலை ஜப்தி செய்தது தவறு என்று காந்தி கருதினார். அதில் விளைந்திருந்த வெங்காயத்தைப் பிடுங்கி எடுக்கச் சொன்னார். மோகன்லால் பாண்டியாவும் சிலரும் பிடுங்கினார்கள். கைது, சிறை. ஜனங்கள் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள்: 'டுங்க்ளி சோர்', அதாவது வெங்காயத் திருடர்! ராவ் பகதூர் பட்டத்தைவிட அதற்கு அங்கே மதிப்பு அதிகம்.

ஜூன் மாதம் போராட்டம் முடிந்தது. வசதி உள்ளவர்கள் கட்டட்டும், ஏழைகளுக்கு நிறுத்திவைக்கிறோம் என்று இறங்கிவந்தது அரசாங்கம். வெற்றி என்றுதான் பாடப் புத்தகம் சொல்கிறது. காந்திக்கு அந்த முடிவில் திருப்தியில்லை. காரணம், யார் ஏழை என்று தீர்மானிக்கும் உரிமை ஜனங்கள் கைக்கு வரவில்லை. அதிகாரிகளிடமே இருந்தது. தவிர, வரியில் பெரும்பகுதி அதற்குள் வசூலாகியும் இருந்தது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இத்தனை பாடும் வரி ரத்துக்காக அல்ல, வெறும் ஒத்திவைப்புக்காக!

கேடாவுக்குப் பிறகு இரண்டு திசைகளில் மூளைகள் வேலை செய்தன.

ஒன்று, கண்ணால் பார்த்துக் கணிப்பதை ஒழிப்பது. 1920-களில் பீகார், ஒரிஸா பகுதியில் ஹப்பாக் என்றொரு ஐ.சி.எஸ். அதிகாரி, கண்மதிப்பை ஓரமாக வைத்துவிட்டு, குலுக்கல் முறையில் வயல்களைத் தேர்ந்தெடுத்து, சின்னத் துண்டு நிலத்தில் நெல்லை அறுத்து எடைபோட்டுப் பார்த்தார். இந்த வழியைத்தான் பின்னாளில் மகலனோபிஸ், சுகாத்மே, பான்சே போன்ற நம் நாட்டுப் புள்ளியியல் மேதைகள் வளர்த்தெடுத்தார்கள். இன்றும் வேளாண் துறையினர் வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி நெல்லை அறுத்து நிறுக்கிறார்களே, 'பயிர் அறுவடைப் பரிசோதனை', அதன் பாட்டன் இதுதான்.

இன்னொன்று, பயிரையே பார்க்காமல் வானத்தைப் பார்ப்பது. மைசூர் சமஸ்தானத்தில் ஜே.எஸ். சக்ரவர்த்தி என்பவர் 1920-ல் ஒரு புத்தகம் எழுதினார். விவசாயிக்குக் காப்பீடு வேண்டும், ஆனால் ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றார். மழைமானியைப் பார்ப்போம். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மழை பெய்ததா, அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் பணம் கொடு, தீர்ந்தது! கர்ணம் பொய் சொல்லலாம், மழைமானி சொல்லாது. எண்பது வருஷம் கழித்து உலகமே கொண்டாடிய யோசனை. அன்றைக்குக் கண்டுகொள்ள ஆளில்லை.

சுதந்திர இந்தியா பயிர்க் காப்பீட்டை நிஜமாகத் தொட்டது 1972-ல். குஜராத்தில், பருத்திக்கு, ஒவ்வொரு விவசாயியின் வயலாகப் பார்த்து. பிறகு வேறு சில மாநிலங்களுக்கும் போனது. 1979 வரை நடத்திப் பார்த்ததில் சேர்ந்த விவசாயிகள் வெறும் 3,110 பேர். வந்த பிரீமியம் 4.54 லட்சம் ரூபாய். கொடுத்த இழப்பீடு 37.88 லட்சம்! இந்த ரேட்டில் போனால் காப்பீட்டு நிறுவனத்துக்கே நிவாரணம் தேவைப்படும்.

பேராசிரியர் வி.எம். தாண்டேகர் மாற்றுவழி சொன்னார். வயல்வாரியாக வேண்டாம், வட்டாரத்துக்கு ஒரு சராசரி எடுப்போம். சராசரி விழுந்தால் அங்கே இன்ஷூர் செய்த எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பணம். 1985 திட்டம், 1999 திட்டம், 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம். செலவு குறைவு, தில்லுமுல்லும் குறைவு. ஆனால் சராசரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உங்கள் வயல் வாய்க்காலின் கடைமடையில் காய்ந்து கிடக்கும். தலைமடையில் பக்கத்து ஊர்க்காரர் வயலில் கதிர் தலைசாய்ந்து நிற்கும். இரண்டையும் கூட்டி வகுத்தால் 'வட்டாரத்தில் பாதிப்பு இல்லை' என்று வரும். கணக்கு சரி, ஆனால் உங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் பெரிய வட்டாரமாக இருந்த அளவைச் சுருக்கி, 2016 திட்டத்தில் முக்கியப் பயிர்களுக்குக் கிராம அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

காப்பீடு ஒரு பக்கம் இருக்கட்டும். புயலுக்கும் வறட்சிக்கும் அரசு நேரடியாகக் கொடுக்கிற பணத்துக்கு வருவோம். அங்கேயும் நம்ம நாலணா வேறு வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறது. பேரிடர் நிதி விதிகளின்படி, பயிர் பாதிக்கு மேல் போனால்தான் 'சேதம்' என்று 2015 வரை இருந்தது. அந்த வருஷம் அதை 33 சதவீதமாகக் குறைத்தார்கள். 32 சதவீதம் போனால்? ஒன்றுமில்லை!

2017 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். அதென்ன 5,465? ரவுண்டாக 5,500 கொடுத்தால் குறைந்தா போய்விடும் என்று அப்போது பலர் கேட்டிருப்பார்கள். ரகசியம் இதுதான்: பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்பது மத்திய விதி. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். வகுத்துப் பாருங்கள். ஒரு ஏக்கரில் உழவு, நாற்று, உரம், கூலி என்று விவசாயி என்ன செலவு செய்தார் என்பதற்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. 2022-ல் அந்த 13,500-ஐ 17,000 ஆக்கினார்கள். ஏக்கருக்கு 6,900 ரூபாய்கூடத் தேறாது. அதுவும் அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர் வரைக்கும்தான். அரசாங்க மொழியில் இதற்குப் பெயரே 'இடுபொருள் மானியம்'. உங்கள் நஷ்டத்தை ஈடுகட்ட அல்ல, மறுபடி விதை போடக் கொஞ்சம் கைகொடுக்க. பழைய தக்காவிதான். திருப்பிக் கட்ட வேண்டாம் என்பது மட்டும் வித்தியாசம்.

சரி, நெல்லாவது அடுத்த போகம் போடலாம். மரம்?

2018 நவம்பர் 16 அதிகாலை. வேதாரண்யம் அருகே கரையேறியது கஜா. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் தீக்குச்சி டப்பாவைக் கொட்டியதுபோலக் கிடந்தன. நீண்டகாலப் பயிருக்கு அப்போதைய மத்திய விதி ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்தால், ஒரு மரத்துக்கு 103 ரூபாய் வருகிறது. நான்கைந்து இளநீர் விலை! மாநில அரசு அதைவிடக் கூடுதலாகவே கொடுத்தது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆகமொத்தம் 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 1,92,500. பழைய விதியோடு ஒப்பிட்டால் பெரிய தொகைதான். ஆனால் புதுக் கன்று நட்டு நாட்டுத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை தோப்புக்காரர் வீட்டில் கல்யாணம், காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் காத்திருக்குமா? விதிகள் விழுந்த மரத்தைத்தான் எண்ணின. விழாத வருஷங்களை எண்ண அதில் கட்டமே இல்லை.

இன்னொரு கட்டமும் இல்லை. நிலம் ஒருவர் பெயரில், உழுவது இன்னொருவர் என்றால் பணம் யாருக்கு? சட்டப்படி பயிர் செய்தவருக்கு. நடைமுறையில் கேட்பது பட்டா, சிட்டா, அடங்கல். வாய்வார்த்தைக் குத்தகைக்கு அடங்கல் எங்கே இருக்கிறது? 1980-ல் கர்ணம் பதவி போய் வி.ஏ.ஓ. வந்தார். சேதம் கணக்கெடுக்கும் பட்டியலில் உங்கள் பெயர் ஏறுவதும் ஏறாததும் இன்றைக்கும் ஒரு பேனா முனையில்தான் தொடங்குகிறது. இப்போது செயற்கைக்கோள் படம், செல்போன் செயலி எல்லாம் வந்துவிட்டன. செயற்கைக்கோள் வயல் காய்ந்திருப்பதைச் சொல்லும். காய்ந்தது யாருடைய உழைப்பு என்று அதற்குத் தெரியாது.

அடுத்த புயலுக்குப் பிறகு 'விவசாயிகளுக்கு இத்தனை கோடி நிவாரணம்' என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வரும். வாசித்துவிட்டு, 'அதான் கொடுத்துவிட்டார்களே, இன்னும் ஏன் சாலை மறியல்?' என்று உங்களுக்குத் தோன்றினால், கோடியை விடுங்கள். மூன்றே மூன்று விஷயம் கேளுங்கள். சேதத்தை யார் அளந்தார்கள்? வயலை அளந்தார்களா, வட்டாரத்தையா? பட்டியலில் இருப்பது நிலத்துக்காரர் பெயரா, உழுதவர் பெயரா?

கேடாவில் காந்தி கேட்டது வரித் தள்ளுபடிகூட இல்லை. 'அளக்கும்போது நாங்களும் கூட இருக்கிறோம்' என்பதுதான். அதைத்தான் இன்றைக்கும் தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிற விவசாயி கேட்கிறார்.